1178 தொடக்க மோட்: ஆறகளூர் பங்கு போகாமலும் பல்லவராயன் பட்டம் பரம்பரைச் சொத்தாகாமலும் இருக்க என்ன செய்வது?

ஆத்தூர்க்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இடைக்கால அரச மரபுகளை நடத்தும் க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி ஆட்டத்திற்காக, சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை மையமாகக் கொண்டு ஒரு மோட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) செய்துவருகிறேன். ரோட்ஸ் டு பவர் விரிவாக்கம் 1178-ஆம் ஆண்டைத் தொடக்கத் தேதிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது; மூன்றாம் குலோத்துங்கர் அரியணை ஏறியதும் அதே ஆண்டுதான் என்பதால் வேறு தேதியைத் தேடவில்லை. வரைபடத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு கவுண்டிக்கு (சிறு நிலப்பகுதிக்கு) ஆறகளூர் என்று பெயரிட்டு, அதற்கு மேலே மகதை மண்டலம் என்ற டச்சியை (கவுண்டிகளுக்கு மேல்நிலையில் உள்ள பட்டத்தை) அமைத்து, வசிட்ட நதிக்கரையிலிருந்து ஆண்ட வாணகோவரையரைச் சோழப் பேரரசுக்கு அடங்கிய தலைவராக வைத்திருக்கிறேன்.

ஆட்டம் ஓடத் தொடங்கியதும் மூன்று சிக்கல்கள் தலைதூக்குகின்றன. முதலாவது, வாணகோவரையர் இறந்தவுடன் அவருடைய கவுண்டிகள் மகன்களுக்குள் பிரிந்துபோவதோடு, யாரும் கேள்விப்படாத இரண்டாவது டச்சி ஒன்றும் தானாக முளைத்து இளைய மகனிடம் போய்ச் சேர்கிறது. இரண்டாவது, சோழ அதிகாரிகளுக்காகப் பல்லவராயன், மூவேந்தவேளான் ஆகிய பட்டங்களை நிலமில்லாத டச்சிகளாக உருவாக்கியிருந்தேன். அவற்றைப் பெற்றவர்கள் எல்லாம் மகதைத் தலைவருக்குச் சமமான நிலைக்கு உயர்ந்துவிடுகிறார்கள், அவர்கள் இறந்தால் பட்டம் மகனுக்குப் போகிறது. மூன்றாவது, சோழ மன்னர்கள் மாறி மாறி ராசகேசரி, பரகேசரி என்று பெயர் சூட்டிக்கொண்டதைக் காட்டுவதற்காக, மன்னர் இறக்கும்போது மாறும்படி ஒரு மாறியை (மதிப்பைச் சேமிக்கும் நிரல் குறியை) வைத்தேன். ஒரு தலைமுறை சரியாக வருகிறது, அடுத்த தலைமுறையில் வரிசை குழம்பிவிடுகிறது. இம்மூன்றையும் ஒரே சட்டக் கோப்பில் தீர்க்க முடியுமா?

ஏற்காட்டு மூடுபனி எழுதியது:

நண்பரே, மூன்றும் வெவ்வேறு இடத்துச் சிக்கல்கள் என்பதால் ஒரே கோப்பில் தீராது. முதலாவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

இளைய மகனுக்குப் புதிய டச்சி முளைக்கிறது என்றால், உங்கள் வாணகோவரையர் கான்ஃபெடரேட் பார்ட்டிஷன் சட்டத்தில் இருக்கிறார் என்று பொருள். முதன்மைப் பட்டத்தின் தரத்திலேயே புதிய பட்டத்தை உருவாக்கி மற்ற மகன்களுக்குக் கொடுப்பது அந்தச் சட்டத்தின் தனிக்குணம். சாதாரண பார்ட்டிஷனில் இருப்பவை பங்கிடப்படுமே தவிர புதியவை உருவாகா. ஹை பார்ட்டிஷனில் மூத்த வாரிசுக்குக் குறைந்தது பாதியாவது கிடைக்கும். ஒரே வாரிசுக்கு அனைத்தும் போகும் சட்டத்திற்கான கண்டுபிடிப்போ பிற்கால இடைக்காலத்தைச் சேர்ந்தது. அந்தக் காலகட்டம் ஆட்டத்தில் 1200-க்கு முன்பு திறக்காது என்பதால், 1178-இல் தொடங்கும் நீங்கள் மூலச் சட்டத்தை அப்படியே நம்பியிருக்க முடியாது. லாஸ் (சட்டங்கள்) கோப்புறையில் உங்களுக்கென்று ஒரு சட்டத்தை எழுதி, பங்கீட்டு முறையை ஒற்றை வாரிசு என்றும், தேடும் வரிசையைப் பிள்ளைகள் என்றும் வைத்து, கண்டுபிடிப்பைக் கேட்கும் நிபந்தனையை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பண்பாடு என்ற நிபந்தனையைச் சேருங்கள். தொடக்கத்திலேயே அந்தச் சட்டம் பொருந்தியிருக்க வேண்டும் என்ற பகுதியை நிரப்ப மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சட்டம் பட்டியலில் தெரியும், ஆனால் தொடக்கத்தில் யாரிடமும் அது இருக்காது.

சோழ அரியணைக்கு மட்டும் இந்தச் சட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மூத்த மகன் தானாக அரசனாவது அங்கு மாறாத விதியாக இருந்ததில்லை. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் பாருங்கள். இரண்டாம் ராசராசருக்கு ஒரு வயதும் இரண்டு வயதும் ஆன பிள்ளைகள் இருந்தபோதும், விக்கிரம சோழரின் பேரரான எதிரிலிப்பெருமாளை அழைத்துவந்து, இரண்டாம் ராசாதிராசர் என்ற பெயரில் முடிசூட்டினார்கள் என்று அது கூறுகிறது. ஆட்டத்தின் இயல்பான சட்டமோ இரண்டு வயதுக் குழந்தையை அரியணையில் அமர்த்தி, பக்கத்தில் ஒரு ரீஜென்ட்டை (பதில் ஆட்சியாளரை) உட்காரவைத்துவிடும். ஆகவே அரியணைக்குத் தேர்தல் வகைச் சட்டம்தான் பொருந்தும்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவைப்படும். தேர்தல் சட்டம் என்றவுடன் பெரும்பாலான மோடர்கள் வேட்பாளர்களை அரசகுலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதலாம் குலோத்துங்கர் போன்ற ஒருவர் வரவே முடியாது. அவருடைய தாய் அம்மங்கதேவி முதலாம் ராசேந்திரரின் மகள். தந்தை ராசராச நரேந்திரர் கீழைச் சாளுக்கியர். ஆட்டத்தின் கணக்கில் குலம் தந்தைவழிதான் என்பதால் அவர் சாளுக்கியராகவே பதிவாகிறார். சோழ வரலாற்றின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்றான 1070-ஆம் ஆண்டு முடிசூட்டைத் தடுத்துவிடும் சட்டத்தைச் சோழர் சட்டம் என்று எப்படி அழைப்பது? சக்சஷன் எலக்ஷன் கோப்பில் வேட்பாளர் வகைகளாக நெருங்கிய, விரிந்த குடும்பத்தையும், பட்டத்திற்கு உரிமை கோருபவர்களையும் சேர்த்து, தாய்வழிப் பேரர்களுக்கு ஓரளவு மதிப்பெண் கொடுங்கள். குழந்தை வேட்பாளருக்கு மதிப்பெண்ணைக் கடுமையாகக் குறைத்தால், பல்லவராயன்பேட்டை நிகழ்வு சில ஆட்டங்களிலாவது தானாக நடக்கும். எப்போதும் நடக்கவேண்டியதில்லை.

அதோடு இன்னொன்று. பேரரசுப் பட்டத்திற்கு மட்டும் தேர்தலை வைத்துவிட்டுக் கீழே உள்ள கவுண்டிகளைப் பங்கீட்டிலேயே விட்டால், தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் முடி இருக்கும், காலடியில் நிலம் இருக்காது. இறந்த மன்னரின் மகன்களே கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்துக்கொண்டு அவரை மிரட்டுவார்கள். லேண்டட் டைட்டில்ஸ் (நிலப் பட்டங்கள்) கோப்பில், ஒரு பட்டம் எப்போதும் முதன்மை வாரிசையே பின்தொடர வேண்டும் என்று குறிப்பிடும் வசதி இருக்கிறது. தலைநகரக் கவுண்டிக்கு மட்டும் அதைக் கொடுங்கள். எல்லாக் கவுண்டிகளுக்கும் கொடுத்துவிட்டால் இளவரசர்களிடையே போட்டி என்பதே இல்லாமல் போய், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பல்லவராயனை டச்சியாக்கியதுதான் சிக்கலின் வேர். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டச்சி டச்சிதான். அதை வைத்திருப்பவர் அந்தத் தரத்தைப் பெறுவார், வாரிசுரிமையில் அது பட்டமாகவே எண்ணப்படும், அதற்கு உரிமை கோருபவர்களும் பிறப்பார்கள். மூவேந்தவேளான், பிரம்மராயன் போன்றவை அரசர் தம் அதிகாரிகளுக்கு வழங்கிய சிறப்புப் பெயர்கள். பெற்றவர் இறந்தால் மகனுக்கு வேறு பட்டம் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ஆகவே அவற்றை ட்ரெய்ட்டாக (ஆளுக்குரிய பண்புக்குறியாக) எழுதுங்கள், பிறப்பால் தொடராதபடி வையுங்கள், வழங்குவதற்கென்று அரசருக்கு ஒரு டிசிஷனோ இன்டராக்‌ஷனோ கொடுங்கள். மாதம்தோறும் சிறிது பிரஸ்டீஜும் (புகழ்ப் புள்ளியும்), வழங்கிய அரசர்மீது நல்லெண்ணமும் கிடைத்தால் போதும்.

வாணகோவரையன் அப்படியல்ல. ராசராச வாணகோவரையன், பொன்பரப்பின வாணகோவரையன் என்று முன்னே வேறு அடைகளோடு, ஒரே வழியினரின் கையில் அது தொடர்கிறது. வாணர் மரபோடு சேர்த்தே அது பேசப்படுகிறது. அதை ஹவுஸ் (குலக் கிளை) பெயராக வைப்பதுதான் முறை. முன்னால் வரும் அடையைத் தனி ஆளின் சிறப்புப் பெயராகக் கொடுத்துவிடலாம்.

பக்கவாட்டில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது 1178-க்குப் பொருந்தாது. பங்கீட்டுச் சட்டம் ஒரு பகுதியை என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சியாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அரசு இங்கே நிலத்தை மிட்டாக்கள் எனும் சிறு நிலத் தொகுதிகளாகப் பிரித்து ஏலத்தில் கொடுத்தது. பழைய பெரிய சமீன்கள் பல பங்கிடக் கூடாதவை என்ற நிலையில் மூத்தவரிடமே தங்கின; மிட்டாக்களோ பாகப்பிரிவினையாலும் விற்பனையாலும் துண்டுபட்டுக்கொண்டே போயின. பிற்கால மோட் ஒன்றை யாராவது செய்தால், இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஏற்காட்டு மூடுபனி எழுதியது:

தாய்வழிப் பேரர்களைச் சேர்ப்பதில் எனக்கும் உடன்பாடுதான். உரிமை கோருபவர் அனைவரையும் வேட்பாளராக்கினால் மட்டும் பட்டியல் மிக நீண்டு, கணக்கிடுவதில் ஆட்டம் மெதுவாகும். குறைந்த திறனுள்ள கணினிகளில் இது நன்றாகவே தெரியும். வயதுவந்தவர், சிறைப்படாதவர், சைவ வைணவ மரபுகளில் ஒன்றைச் சார்ந்தவர் என்று நிபந்தனைகளை முன்னாலேயே வைத்து வடிகட்டுங்கள்.

மலைப்பகுதிக்காரன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளும் உண்டு. சேர்வராயன் மலையை ஆறகளூருக்கு அடியில் ஒரு பாரனியாகப் (கவுண்டிக்குள் அடங்கும் சிறு பகுதியாகப்) போட்டுவிடாதீர்கள். அது மகதைக்குள் அடங்குவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கொங்குப் பக்கம் சேர்ப்பதே தகும்.

ஓமலூர்ச் சாலை எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு இதுதான் இந்த மோடின் சுவையான பகுதி.

உங்கள் மாறி குழம்புவதற்குக் காரணம், நீங்கள் அதை மரணத்தோடு கட்டியிருப்பது. சோழர் வழக்கில் புதுப்பெயர் மரணத்தின்போது பிறப்பதில்லை. தந்தையோ அண்ணனோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிடுகிறார்கள், அப்போதே அவருடைய ஆட்சியாண்டும் தொடங்கிவிடுகிறது. முதலாம் ராசேந்திரர் 1012-லேயே தந்தையோடு இணையாட்சிக்கு வந்தவர். அவருடைய மகன் முதலாம் ராசாதிராசர் 1018-லேயே முடிசூட்டப்பட்டவர். வரிசையை எழுதிப் பாருங்கள்: முதலாம் ராசராசர் ராசகேசரி, முதலாம் ராசேந்திரர் பரகேசரி, ராசாதிராசர் ராசகேசரி, 1054-இல் கொப்பம் போர்க்களத்தில் அண்ணன் விழுந்ததும் அங்கேயே முடிசூடிய இரண்டாம் ராசேந்திரர் பரகேசரி. இதுவரை உங்கள் மாறியும் சரியாகவே காட்டும். இரண்டாம் ராசேந்திரர் தம் மகன் ராசமகேந்திரருக்கு இளவரசுப் பட்டம் கட்டுகிறார், அவர் ராசகேசரி. தனியாட்சிக்கு வருமுன் ராசமகேந்திரர் இறந்துபோக, அடுத்து வந்த வீரராசேந்திரரும் ராசகேசரி என்றே பெயர் சூடுகிறார். பட்டம் கட்டும்போதெல்லாம் மாறி புரளும்படி எழுதினால் இந்த இடத்தில் வீரராசேந்திரர் பரகேசரியாகிவிடுவார். பின்னர் வந்த அதிராசேந்திரர் பரகேசரி, முதலாம் குலோத்துங்கர் ராசகேசரி என்று எல்லாமே தலைகீழாகும்.

எனவே மாறி புரளவே கூடாது. யாருக்குப் பட்டம் கட்டப்படுகிறதோ அவர், அந்த நேரத்தில் தனியாட்சி செய்யும் மன்னரின் பெயருக்கு எதிரான பெயரை எடுத்துக்கொள்கிறார் என்று எழுதுங்கள். ஒருவர் பட்டம் கட்டப்படாமலே அரியணைக்கு வந்தால், இறந்த மன்னரின் பெயரோடு ஒப்பிட்டால் போதும். பெயரை ஆளின்மீது சேமியுங்கள். கடைசியாக ஆண்ட மன்னரின் பெயரை மட்டும் பேரரசுப் பட்டத்தின்மீது சேமித்து வையுங்கள். ஆள் இறப்பார், பட்டம் நிற்கும்.

செயல்முறையில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. இறப்பு நிகழ்வு ஓடும்போது இறக்கப்போகிறவர் இன்னும் பட்டத்தைக் கையில் வைத்திருப்பார். வாரிசு அப்போது வெறும் இளவரசர்தான். ஆகவே பட்டம் கைமாறும்போது தானாக ஓடும் நிரல் நிகழ்வான ஆன் ஆக்‌ஷனைப் பயன்படுத்துங்கள்; முந்தைய உரிமையாளர் யார் என்பதும் அதில் கிடைக்கும். மூல ஆட்டத்தின் ஆன் ஆக்‌ஷனுக்குள் எஃபெக்ட் (விளைவு) பகுதியை நேரடியாக எழுதினால் மூலத்தில் உள்ளதை அது அழித்துவிடும். உங்கள் பெயரில் தனி ஆன் ஆக்‌ஷன் ஒன்றை எழுதி, மூலத்தின் பட்டியலில் அதன் பெயரை மட்டும் சேருங்கள். மற்ற மோடுகளோடும் மோதாது.

ஆத்தூர்க்கோட்டை எழுதியது:

மிக்க நன்றி ஐயா, மற்ற இருவருக்கும் நன்றி. ராசமகேந்திரர் போன்றவர் வரும் இடத்தில்தான் என் வரிசை உடைந்திருக்கிறது என்பது இப்போது தெளிவாகிறது. பல்லவராயனை ட்ரெய்ட்டாக மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். சேர்வராயன் மலையையும் மகதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது: இளவரசுப் பட்டத்தை எதன்மீது கட்டுவது? ஆட்டத்தில் உள்ள வாரிசு நியமனம் போதுமா?

ஓமலூர்ச் சாலை எழுதியது:

வாரிசு நியமனம் அடுத்து யார் என்பதைத்தான் சொல்லும்; நியமிக்கப்பட்டவருக்கு அரசர் உயிரோடு இருக்கும்வரை எந்த அதிகாரமும் வராது. ரோட்ஸ் டு பவரில் பைசாந்தியப் பேரரசுக்காக இணைப்பேரரசர் முறை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். டயார்க்கி (இருவர் சேர்ந்து ஆளும் முறை) வகைகளில் ஒன்றாக அமைந்திருப்பதால், இணையாட்சிக்கு அது கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. அதைப் படியெடுத்து, அரசாங்க வகை நிபந்தனையை மாற்றி, தொடங்கும்போது மேலே சொன்ன பெயர் எடுக்கும் எஃபெக்டை அழைக்கச் செய்யுங்கள். அந்த விரிவாக்கம் இல்லாதவர்களுக்கும் மோட் ஓட வேண்டுமென்றால், வாரிசு நியமனத்தோடு ஒரு ட்ரெய்ட்டைச் சேர்த்து ஒப்பேற்றலாம். 1178-ஐத் தொடக்கமாக வைத்துவிட்ட உங்களுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.