படகு ஏறும் வண்டிக்குப் பெயர் என்ன? கலைச்சொல் மடல்கள்

அனுப்புநர்: மஸ்கெலியா, படகுப் பயிற்றுநர்
பொருள்: வெள்ளிக்கிழமைக்குள் சொற்கள் தேவை

அன்புடையீர், வணக்கம்.

இலங்கை மலையகத்தின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் இயந்திரப் படகு செலுத்தப் பழகும் இளைஞர்களுக்காக நாங்கள் தமிழாக்கி வரும் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற அத்தியாயங்களில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. படகைத் தரைவழியே கொண்டு செல்வதற்கென வாகனத்தின் பின்னால் கொழுவி இழுக்கப்படும் சில்லுச் சட்டகத்தைப் பற்றிய அத்தியாயத்தில்தான் பேனா நின்றுவிட்டது. எல்லோரும் ட்ரெயிலர் என்கிறோம். நூலில் என்ன எழுதுவது?

வெறும் பெயர்ச் சிக்கல் என்று எண்ணி விடாதீர்கள். படகை இறக்கும்போதும் ஏற்றும்போதும் கரையில் இழுக்கும் வாகனம், இழுபடும் சட்டகம், படகு என மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு வான், பஸ், லொறி எல்லாமே "வண்டி". ஆகவே "வண்டியைச் சற்று முன்னே எடு" என்று நூல் சொன்னால், எதை எடுப்பது என்று அவர்கள் திகைப்பார்கள். சட்டகத்துக்கு ஒரு சொல், அதில் படகு இருக்கும் பலகைக்கும் உருளைக்கும் சொற்கள், முன்னால் கொழுவும் இடத்துக்கு ஒரு சொல், படகைக் கோணாமல் அதன்மேல் ஏற்றுவதற்கு ஒரு சொல் ஆகியவற்றைத் தந்துதவுங்கள்.

அனுப்புநர்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள பயிற்றுநர் அவர்களுக்கு,

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்க, நாம் எதற்காக வேறிடத்தில் தேட வேண்டும்? "ஓடவண்டி" என்பதே என் பரிந்துரை. ஓடுவது ஓடம், நீரில் ஓடுவதைத் தரையில் ஓட்டுவது ஓடவண்டி. வண்டி என்பது பண்டி என்னும் பழஞ்சொல்லோடு உறவுடையது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

சட்டகத்தின் தாங்குதிறனைப் பற்றி எழுதும் பகுதியில் "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்" என்ற குறளைக் கட்டாயம் சேருங்கள். மயிற்பீலிதானே என்று அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும். அதேபோல மேலதிகச் சில்லுக்குப் புதுச்சொல் வேண்டாம். புறநானூற்றில் ஔவையார் "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்று பள்ளமும் மேடும் கொண்ட வழியில் செல்லும் உப்பு வணிகரின் வண்டியையும், அதன் கீழ்மரத்தில் கட்டிய "சேம அச்சு" என்பதையும் பாடுகிறார். ஹட்டன் வீதிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இருக்குமா? சேமச்சில்லு என்று எழுதுங்கள்.

அனுப்புநர்: தலவாக்கலை, கராஜ் நடத்துபவர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். "ஓடவண்டி" என்று பலகை எழுதித் தொங்கவிட்டால், ஓடுவதற்கு வண்டி வாடகைக்கு உண்டா என்று கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். ஓட வண்டி, ஓடவண்டி இரண்டும் காதில் ஒன்றே.

குறளைச் சேர்ப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அதன் கீழே கணக்கையும் சேருங்கள். வாங்க வருபவர்கள் படகின் உடற்பாரத்தை மட்டும் சொல்லிச் சட்டகம் கேட்கிறார்கள். படகின் உடல் 350 கிலோ, 40 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் ஏறத்தாழ 100 கிலோ, 50 லீற்றர் பெற்றோல் 37 கிலோ, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கிகள் 40 கிலோ என்று வைத்தால் 527 கிலோ ஆகிறது. சட்டகத்தின் சொந்தப் பாரம் 200 கிலோவையும் கூட்டினால் 727. மொத்தப் பாரம் 750 கிலோ என்று முத்திரையிட்ட ட்ரெயிலர் கணக்குக்குச் சரி. ஆனால் மழை நாளில் படகின் அடியில் தேங்கும் நீரையும் கினிகத்தேனை வளைவுகளையும் நினைத்தால் அதற்கு மேல்நிலையில் உள்ளதையே நான் கொடுப்பேன்.

பின்னர், கொழுவும் இடத்தில் அழுத்தும் பாரம். மொத்தத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை, அதாவது இந்தப் படகுக்கு 36 முதல் 73 கிலோ வரை, முன்னால் அழுத்த வேண்டும். அது குறைந்தால் இறக்கத்தில் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி வாகனத்தையே ஆட்டிவிடும். மிஞ்சினால் வாகனத்தின் பின்பகுதி அமிழ்ந்து, முன்சில்லுகள் தரையைச் சரியாகப் பற்றாமல் ஸ்டியரிங் இளகும். இந்தப் பாரத்துக்கும் உங்களிடம் பெயர் இருந்தால் நல்லது. பெயருக்காக யாரும் வெள்ளிக்கிழமையைத் தவறவிட வேண்டாம்.

அனுப்புநர்: கண்டி (பிறந்த ஊர் வல்வெட்டித்துறை)

எல்லோருக்கும் வணக்கம்.

மலையகத்தார் நீரைக் கண்டு படகுச் சொற்களைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. முன்புறம் அணியம், பின்புறம் கடையால், அடிமரம் ஏரா. எங்கள் கரையில் கப்பல் கட்டிய காலம் முதல் இவை புழக்கத்தில் இருக்கின்றன. "அணியம் வண்டிலின் நடுவே வந்து, ஏரா நடு உருளையில் பொருந்தி, கடையால் இரு பலகைகளுக்கும் ஒத்த தூரத்தில் இருக்க வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் பாடம் முடிந்துவிடும்.

சட்டகத்தின் பெயர் "படகு வண்டில்" என்றிருக்கட்டும். வண்டில் என்றால் தானே ஓடாதது, இழுக்க ஒன்று வேண்டியது. ஆகவே வானோடும் பஸ்ஸோடும் குழம்பாது. "இழுவை" என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். வடக்கில் இழுவைப்படகு என்றால் கடலடியை வாரிச் செல்லும் மீன்பிடிப் படகு; அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் சனங்களுக்குக் கோபம் வரும்.

அனுப்புநர்: நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியை

ஐயாமாருக்கு வணக்கம். கொழும்பிலோ சென்னையிலோ தேடாமல் நம் பாடநூல்களிலேயே இருக்கும் சொல்லை நான் முன்வைக்கிறேன். காவுதல் நம் நாட்டுத் தமிழர் எல்லோருக்கும் பழகிய வினை. "படகுக்காவி" என்றால் படகைக் காவிச் செல்வது. சொல் சிறிது, இலக்கணம் தெளிவு, பிறமொழிக் கலப்பும் இல்லை.

கொழுவும் உறுப்புக்கும் ஒரு பரிந்துரை: ட்ரெயிலரில் இருப்பது கொழுவி, வாகனத்தில் இருக்கும் உருண்டை கொழுவுமுனை. அதைக் "குண்டு" என்று யாரும் எழுதிவிடாதீர்கள். வாகனத்தின் பின்னால் குண்டு பூட்டியிருக்கிறது என்று அச்சிட்ட நூலை வைத்துக்கொண்டு நம் நாட்டில் பயணம் செய்ய எனக்குத் துணிவில்லை.

அனுப்புநர்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு, காவி என்றதும் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது துறவியின் உடை. அடுத்தது, சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் நோய்க்காவி, அதாவது டெங்கு நுளம்பு. படகு அந்தக் கூட்டத்தில் சேர வேண்டுமா?

"இழுவண்டி" என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருந்தார். வினைத்தொகை காலத்தை மட்டும் மறைப்பதில்லை. செய்தது எது, செய்யப்பட்டது எது என்பதையும் சில வேளை மறைக்கும். பாய்புலி என்றால் புலிதான் பாய்கிறது. குடிநீர் என்றால் நீர் குடிக்கவில்லை, குடிக்கப்படுகிறது. அவ்வாறே இழுவண்டி என்பது இழுக்கும் ஜீப்பா, இழுபடும் சட்டகமா? பயிற்றுநர் தவிர்க்க நினைத்த குழப்பத்தையே இச்சொல் இலக்கண முத்திரையோடு திரும்பக் கொண்டு வருகிறது. இழுபடுவண்டி என்று விரித்தால் பொருள் சரி, நாக்குத்தான் ஒத்துழைக்காது.

சகடம் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். அது வடசொல் என்பார்கள். அப்படியானால் உப்பு வணிகரான உமணரின் வண்டியை அச்சொல்லாலேயே பாடிய ஔவையாரிடம் போய் முறையிடட்டும். இருந்தும் நான் ஓடவண்டியை விடவில்லை.

அனுப்புநர்: மஸ்கெலியா, படகுப் பயிற்றுநர்

பெரியோர் அனைவருக்கும் நன்றி. சட்டகத்தின் பெயரை ஒரு பக்கம் வைத்து, என்னை அதிகம் வருத்தும் சொல்லுக்கு வருகிறேன். படகைச் சட்டகத்தில் வைப்பதை எல்லோரும் "ஏற்றுதல்" என்றே சொல்கிறோம். நானும் முதல் மடலில் அப்படியே எழுதினேன், ஏனென்றால் பேச்சில் அதுதான் வருகிறது. ஆனால் ஏற்றுதல் என்று படித்த பையன் கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றுவதுபோலத் தோளைக் கொடுத்துப் படகைத் தள்ளுகிறான், அல்லது படகைப் பட்டியால் இழுக்கும் வின்ச்சின் கைபிடியை மூச்சு முட்டச் சுற்றுகிறான். படகு நேராக வருவதும் கோணலாக வருவதும் அவனுடைய பலத்தில் இல்லை. சட்டகம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

சட்டகம் அளவுக்கு மேல் ஆழத்தில் நின்றால் படகு பலகைகளைத் தொடாமல் அவற்றுக்கு மேலே மிதக்கும். அணியத்தை வின்ச் பட்டி நடுவில் பிடித்திருக்கும். கடையாலைப் பிடிக்க எதுவும் இராது. தென்மேற்குக் காற்று அதை ஒரு பக்கம் ஒதுக்கும். அந்த நிலையில் வாகனம் முன்னே நகர்ந்தால், கடையால் அந்த நொடியில் எங்கே இருந்ததோ அங்கேயே இறங்கிவிடும். மாறாக, சில்லுகளின் மட்காட்டின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் அளவுக்குச் சட்டகத்தை இறக்கினால், பலகைகளின் முன்பகுதி ஆழமில்லாத நீரில் இருந்து அணியத்தை நடுவுக்கு ஒதுக்கிக் கொடுக்கும். மிச்சத்தை வின்ச் இழுக்கும். வாகனம் மெல்ல ஏற, நீர் வடிய வடியக் கடையால் தானாக நடுவில் இறங்கும். இதனால்தான் "அமர்த்தல்" என்ற சொல்லை நான் கேட்கிறேன். படகை நீர்தான் அமர்த்துகிறது. நாம் சட்டகத்தைச் சரியான இடத்தில் நிறுத்துகிறோம்.

நம் நீர்த்தேக்கங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மின்னுற்பத்திக்காக நீர் இறங்கும் மாதங்களில் கரை நெடுந்தூரம் சேறாகிவிடுகிறது. மவுசாகலையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும் அளவுக்கு நீர் வற்றுவதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய கரையில் ஒரு சில்லு சேற்றில் தாழ்ந்தால் சட்டகம் சரியும், ஆனால் படகு நீர்மட்டத்துக்கு ஒத்தே மிதக்கும். ஒன்று சரிந்தும் மற்றொன்று மட்டமாகவும் இருக்க, எவ்வளவு பார்த்து இழுத்தாலும் படகு ஒரு பக்கம் ஒதுங்கியே அமரும். அதற்கு வின்ச்சைத் திட்டிப் பயனில்லை. சட்டகத்தை வெளியே எடுத்து, கல்லோ பலகையோ போட்டுச் சில்லு இரண்டையும் மட்டமாக்கிய பிறகே மீண்டும் இறக்க வேண்டும்.

அனுப்புநர்: தலவாக்கலை, கராஜ் நடத்துபவர்

அமர்த்தல் நல்ல சொல், நான் ஏற்கிறேன். பலகையா உருளையா என்று தெரிவு செய்யும் பகுதியிலும் இதை வைத்தே விளக்கலாம். விரிப்பு ஒட்டிய பலகை படகின் பாரத்தை நீளமாகப் பரப்பித் தாங்கும், படகை நேராகவும் வைத்திருக்கும். ஆனால் அதற்குப் போதிய ஆழம் வேண்டும், முதலில் நனைத்தும் இருக்க வேண்டும். ஆழம் குறைந்த சேற்றுக் கரையில் உருளையே வசதி, ஏனெனில் சட்டகத்தை அதிகம் இறக்கத் தேவையில்லை. அந்த வசதியே ஆபத்துமாகும்: சரிவில் நிற்கும்போது வின்ச் பட்டியைக் கழற்றினால் படகு தரையிலேயே உருண்டு இறங்கிவிடும். நீரைத் தொடும் வரை பட்டியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் கழற்ற வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். மலையிறங்கி வந்த உடனே சூடான சில்லுக்குடத்தை (சில்லின் நடுப்பகுதியை) நீரில் இறக்க வேண்டாம் என்றும் சேருங்கள்; உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது அடைப்பு வழியாக நீரை உள்ளிழுத்து, கிறீஸைக் கெடுத்துவிடும்.

காற்றடிக்கும் இடங்களில் இருபுறமும் நிறுத்தும் கம்பங்களுக்குப் பெயர் ஒன்றும் வரவில்லையே?

அனுப்புநர்: நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியை

அதற்கு மலையகமே சொல் தருகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் மட்டம் பிசகாமலிருக்கச் செடியின்மேல் வைக்கும் கோலை மட்டக்கம்பு என்கிறார்கள். அந்த வழியில், படகின் நேர் பிசகாமலிருக்க நிறுத்துவது "நேர்க்கம்பு". இதை யாரும் மறுக்கமாட்டீர்கள் என நம்புகிறேன். காவியை மறுத்ததை நான் மறக்கவில்லை.

அனுப்புநர்: கண்டி

நேர்க்கம்பு மிக நன்று. கம்பா, கம்பமா என்று ஆசிரியர் ஐயா தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

அனுப்புநர்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கம்பு தடி, கம்பம் தூண். நிலத்தில் நட்டது கம்பம், கையில் எடுப்பது கம்பு. சட்டகத்தில் பொருத்தியது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆயினும் மட்டக்கம்பின் உறவுக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

அனுப்புநர்: மஸ்கெலியா, படகுப் பயிற்றுநர்
பொருள்: அச்சுக்குப் போகும் பட்டியல்

வியாழன் இரவாகிவிட்டது, கிடைத்த உடன்பாட்டை எழுதுகிறேன். சட்டகத்துக்குப் படகு வண்டில், இழுப்பதற்கு வாகனம். "வண்டி" என்ற தனிச்சொல் அந்த அத்தியாயத்தில் எங்கும் வராது. எங்கள் பிள்ளைகளுக்கு வண்டில் வடக்குச் சொல்லாகத் தோன்றும் என்பது உண்மை, ஆனால் குழம்பாது என்பதால் மூவர் ஏற்றுள்ளனர். முதல் தடவை வரும்போது ட்ரெயிலர் என்பதையும் சேர்த்து எழுதுவேன். அணியம், கடையால், ஏரா, கொழுவி, கொழுவுமுனை, தாங்குபலகை, உருளை, நேர்க்கம்பு, சேமச்சில்லு ஆகியவை நிற்கின்றன. முன்னால் அழுத்தும் பாரம் "கொழுவுபாரம்". வின்ச் வின்ச்சாகவே இருக்கும். அத்தியாயத்தின் தலைப்பு: படகை நேராக அமர்த்தல்.

அனுப்புநர்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பட்டியல் கண்டேன். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. படகு வண்டில் என்பதில் இரு சொற்களும் வேற்றுமை உருபின்றித் தளர்ந்து நிற்கின்றன. ஓடவண்டி ஒரே சொல்லாக இறுகி நிற்கும். இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த மடலை மீண்டும் அனுப்புவேன். குறளில் "அச்சிறும்" என்பதை "அச்சு இறும்" என்று பிரித்து அச்சிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அச்சிறு என்று ஒரு பொருள் இருப்பதாக எண்ணிவிடுவார்கள்.