தோழியருடன் சேர்ந்து ஸ்வெட்டர் பின்னல் வகுப்பைப் படம்பிடிப்பது எப்படி?

கேள்வி: குன்னூர்க் கம்பளி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குன்னூரில் வசிக்கும் மூன்று தோழியர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்வெட்டர், மஃப்ளர், குழந்தைகளுக்கான தொப்பி ஆகியவற்றைப் பின்னி வருகிறோம். வெளியூர்களில் இருக்கும் உறவுப் பெண்கள் விடாமல் கேட்டுக்கொண்டதால், ஊசியையே கையில் எடுத்தறியாதவர்களுக்காக எட்டுப் பாடங்களைத் தமிழில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றத் தீர்மானித்தோம். இரண்டு கைப்பேசிகள், ஒரு முக்காலி, ஜன்னலை ஒட்டிய ஒரு சாப்பாட்டு மேசை ஆகியவைதான் எங்களிடம் இருப்பவை.

முதல் பாடத்தை எடுத்து மதுரையிலுள்ள என் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். மூன்று முறை பார்த்தும் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) போட வரவில்லை என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது மனம் மிகவும் வருந்தியது. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தந்தால் அரை மணி நேரத்தில் கைவந்துவிடும் வேலை அது. கைப்பேசியை எங்களுக்கு எதிரே நிறுத்தி எடுத்தோம், நூல் கரும்பச்சை. பதிவின் நடுநடுவே படம் மங்கி மங்கித் தெளிகிறது. விளக்கைப் போட்டால் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. நானும் ஒரு தோழியும் நூலை வலக்கையில் பிடித்து ஊசிமேல் சுற்றிப் பின்னுகிறோம். மற்றொரு தோழி நூலை இடக்கை விரலில் ஏந்தி, ஊசி முனையால் கொத்தி இழுத்துப் பின்னுகிறார். மூவரும் பாடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. யார் பின்னுவது, யார் பேசுவது, கைப்பேசியை எங்கே வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: நிழற்படப்பெட்டி

அம்மா, உங்கள் அண்ணன் மகளுக்குப் புரியாமல் போனதற்கு அவரும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை. கேமரா இருந்த இடம்தான் காரணம். எதிரே இருந்து பார்ப்பவருக்கு உங்கள் வலக்கை இடப்பக்கமாகத் தெரியும், ஊசியோ அவரை நோக்கி வரும். ஒவ்வோர் அசைவையும் மனத்துக்குள் திருப்பிப் போட்ட பிறகே அவர் தம் கையால் செய்து பார்க்க முடியும். செல்ஃபி கேமராவில் எடுத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். சில கைப்பேசிகள் அந்தப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமித்துவிடுவதால், வலக்கைக்காரர் இடக்கைக்காரராகத் தோன்றுவார். ஆகையால் பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். முக்காலியைப் பின்னுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, தோளுக்கு மேலிருந்து மடியை நோக்கிச் சாய்த்து வையுங்கள். தலை குறுக்கே வராத தோள் எது என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் தம் கைகளைத் தாமே குனிந்து பார்ப்பதுபோல் படம் அமைய வேண்டும். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஊசிகள் ஓயாமல் அசைவதால், எதன்மீது குவிவது என்று கைப்பேசி தேடிக்கொண்டே இருக்கும். படம் மங்கித் தெளிவது அதனால்தான். திரையில் பின்னல் தெரியும் இடத்தை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் முழங்கைகளை மேசையில் ஊன்றி, கைகளை அதே உயரத்தில் வைத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் ஊரில் திடீரென்று மூடுபனி இறங்கும். ஜன்னல் வெளிச்சம் குறைந்தவுடன் பூட்டிய படம் இருண்டுபோகும். பாடத்தை ஒரே நீளப் பதிவாக எடுக்காமல் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக எடுத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகப் பூட்டிக்கொள்ளலாம்.

கோடுகள் ஓடுவதற்குக் காரணம் மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. கேமராவின் அமைப்புகளை நாமே மாற்றும் 'ப்ரோ' முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடி என வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு முற்பகல் வெளிச்சத்தில் எடுப்பதே மேல்.

கரும்பச்சை நூலில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே உள்ள நிழல் தெரியாது. வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற ஒரே நிறத்தில், பிசிர் இல்லாத தடித்த நூலை எடுங்கள். ஊசி மூங்கிலாக இருந்தால் பளபளக்காது. உலோக ஊசியின் 'டிக் டிக்' ஓசையும் பதிவில் விழாது. இரண்டாவது கைப்பேசியைப் பேசுபவரின் வாய்க்கு அருகில் வைத்து ஒலியை மட்டும் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டினால், அந்த ஓசையைக் கொண்டு படத்தையும் ஒலியையும் பிற்பாடு பொருத்திவிடலாம்.

மறுமொழி: எட்டாம் நம்பர் ஊசி

சகோதரி, நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெண்களுக்குப் பின்னல் கற்றுத் தருகிறேன். நூல் பிடிக்கும் முறைகள் இரண்டுமே சரியானவைதாம்; ஆனால் ஒரே பாடத்தில் இரண்டையும் காட்டினால் புதியவர் தவித்துப்போவார். முதல் ஏழு பாடங்களிலும் ஒரே ஒருவர் பின்னட்டும். இடக்கையில் நூல் ஏந்தும் தோழிக்கு எட்டாம் பாடத்தை முழுமையாகக் கொடுங்கள். நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (எதிர்ப் பின்னல்) என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் அதற்குள் பழகியிருக்கும் என்பதால் பார்ப்பவர்கள் அதை விரும்பியே கற்பார்கள்.

தோழியர் உடனிருப்பதன் உண்மையான பயன் வேறு. உங்களில் ஒருவர், பின்னத் தெரியாத நான்காவது தோழி ஒருவரை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஆறாவது வரிசையில் கண்ணி ஒன்று ஊசியிலிருந்து நழுவி, ஏணிப்படிபோல் நான்கு வரிசை கீழே அவிழ்ந்துவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனது. முனையில் கொக்கியுள்ள குரோஷே ஊசியை முன்பக்கத்திலிருந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே குறுக்காக நிற்கும் நூலைக் கொக்கியில் மாட்டி உள்ளே இழுத்தேன். படிப்படியாக நான்கையும் மேலேற்றி ஊசியில் கோத்துக் கொடுத்தேன். அன்று அந்த அறையில் இருந்த அனைவரும் அதை மறக்கவில்லை. கைதேர்ந்தவர்கள் மட்டும் பின்னும் காணொளியில் இப்படியொரு தவறு நடக்கவே நடக்காது; வீட்டில் தனியாக அமர்ந்து பார்க்கும் பெண்ணுக்கோ அதுதான் முதலில் நடக்கும். ஆகவே புதியவர் தடுமாறும் பகுதியை வெட்டிவிடாதீர்கள். கேமராவை அவர் கைகளுக்குத் திருப்புங்கள்.

ஊசியின் அளவை எப்போதும் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். நாம் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பது 4 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மி.மீ. நம் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அங்கே தடிக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வெறும் எண்ணைக் கேட்டு வாங்கினால், தொப்பி தலையில் நிற்காது.

மறுமொழி: மூன்று முடிச்சு

ஒரு வார்த்தை மட்டும். நானும் இரண்டு தோழியரும் இதேபோல் குரோஷே வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். கணக்கின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. மனத்தாங்கல் வந்தபோது பதினொரு பாடங்களும் எங்கள் கைவிட்டுப் போயின, நட்பும் போனது. மூவருக்கும் நுழைவுரிமை, மூவரிடமும் மூலப் பதிவின் பிரதி, வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் முகம் உள்ள பாடங்களை என்ன செய்வது என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, இப்போதே மூவரும் கையெழுத்திடுங்கள். பிறர் எழுதி விற்கும் பேட்டர்னை அவர் அனுமதியில்லாமல் வாசித்துக் காட்டாதீர்கள். நீங்களே வகுத்த மாதிரியைக் கற்றுக்கொடுங்கள்.

குன்னூர்க் கம்பளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முற்பகலில் முதல் பாடத்தை மறுபடி எடுத்தோம். முக்காலி தோளுக்குப் பின்னால், நூல் வெளிர்மஞ்சள், ஊசி 5 மி.மீ. மூங்கில். எதிர்வீட்டுப் பெண் முதல்முறையாக ஊசி பிடித்தார். கண்ணியை அவர் மிக இறுக்கமாகப் போட்டதால் ஊசி உள்ளே நுழையவே மறுத்தது; அதை அப்படியே விட்டு, தளர்த்துவது எப்படி என்று காட்டினோம். ஒப்பந்தத் தாளை நாளை எழுதுகிறோம். பதிவை அண்ணன் மகளுக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை படம் ஒன்று வந்தது. ஊசியில் இருபது கண்ணிகள், அவற்றின் கீழே நான்கு வரிசை நிட். மூன்றாம் வரிசையில் ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. அதை ஏற்றும் முறையை இரண்டாம் பாடத்தின் தொடக்கத்திலேயே வைக்கப்போகிறோம்.