கோரையைத் தோண்டுவதா, மூடுவதா, மருந்தடிப்பதா?

பூவரசு:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி அளவுக்குக் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகக் கோரையோடு மல்லுக்கட்டுகிறேன். முதல் வருடம் கையால் பிடுங்கினேன். ஒரே வாரத்தில் திரும்ப முளைத்துவிட்டது. அடுத்த வருடம் நல்ல மழை பெய்து மண் இளகியிருந்தபோது, மண்வெட்டியால் நான்கு பாத்தியையும் கொத்திப் புரட்டிப் போட்டேன். இடுப்பொடிய இரண்டு நாள் வேலை. அதற்கப்புறம்தான் நிலைமை மோசமானது. பத்து தலை தெரிந்த இடத்தில் இப்போது நூறு தெரிகிறது. வெங்காயப் பாத்தியில் எது தாள், எது கோரை என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. போதாக்குறைக்கு வேலியோரத்திலிருந்து அருகம்புல்லும் உள்ளே வருகிறது.

களைக்கொல்லி ஒரு தடவை அடித்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பிள்ளைகள் ஓடியாடும் இடம் என்பதால் எனக்கு மனது வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

செம்மண்:
பூவரசு, நீங்கள் செய்த தவறு இரண்டாம் வருடக் கொத்தல்தான். கோரைக்கு உயிர் இலையில் இல்லை, அடியில் இருக்கும் கிழங்கில் இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய கம்பி போல ஒரு தண்டு ஓடும். அதன் நுனியில் அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று மணிமாலை மாதிரி கோத்திருக்கும். மாலை அறுபடாமல் இருக்கும்வரை முன்னால் இருக்கும் கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைக்கும். மண்வெட்டி அந்த மாலையை அறுத்தால் அடங்கிக் கிடந்த ஒவ்வொரு மணியும் தனிச் செடியாகிவிடும். உங்களுடைய பத்து நூறானது இப்படித்தான்.

1977-இல் லீராய் ஹோமும் அவருடன் இருந்த களை ஆய்வாளர்களும் உலகின் மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகம்புல்லுக்கு. இரண்டும் உங்கள் தோட்டத்தில் இருக்கின்றன. இவற்றோடு கையால் மோதுவது வீண்.

என் வழி கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. இலை வழியாக உள்ளே போய், செடி தன் சர்க்கரையைக் கீழே அனுப்பும் பாதையிலேயே கிழங்குக்கு இறங்கும். அதனால் இலை நன்றாக விரிந்து செழிப்பாக இருக்கும்போது, பூக்கதிர் வருவதற்கு முன் அடிக்க வேண்டும். வாடிக் கிடக்கும்போதோ அறுத்துவிட்டோ அடித்தால் பயனில்லை. அடித்தபின் ஒரு வாரமாவது மண்ணைத் தொடாதீர்கள்.

தும்பை:
செம்மண் அண்ணா கோரையின் உடலமைப்பைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. முடிவுதான் சரியில்லை.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில், சேர்த்தது. பூவரசு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபிறகும் முதல் ஆலோசனையாக அதைச் சொல்லலாமா?

என் அனுபவம் ஒன்று. நான்கு வருடம் முன்பு பாதையோரத்துக் கோரைக்கு அதே மருந்தைத்தான் அடித்தேன். காற்று இல்லை என்று நினைத்தேன். ஆனால் இருந்திருக்கிறது. பத்தாவது நாள் தக்காளிக் குருத்துகள் அடியிலிருந்து வெளிறின. பூ உதிர்ந்தது. பதினாறு செடியில் ஐந்துதான் தேறின. கோரை? ஒரு மாதத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. அன்றோடு விட்டேன்.

கோரைக்கும் அருகுக்கும் ஒரே பலவீனம் நிழல். இரண்டும் கொளுத்தும் வெயிலில் தழைக்கிற இனங்கள். வெளிச்சத்தை அடைத்துவிடுங்கள். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலைதழை மூடாக்குப் போடுங்கள்.

பழைய மண்வெட்டி:
நாற்பது வருடமாகக் கையில் கொத்தோடு இருக்கிறவன். மண்வெட்டியைக் குற்றம் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி கொத்தியதில் தப்பில்லை, மழை ஈரத்தில் கொத்தியதுதான் தப்பு. ஈர மண்ணில் கோரையைக் கொத்துவது கரும்புக் கரணை நறுக்கி நடுவதற்குச் சமம். ஒவ்வொரு துண்டுக்கும் நீங்களே இடம் பார்த்துத் தண்ணீரும் காட்டிவிட்டீர்கள்.

கோரைக்கிழங்குக்குக் காய்ச்சல் ஆகாது. கோடை உச்சியில் பாத்திக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். மண் கட்டி தட்டியதும் ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி, கட்டிகளை உடைக்காமல் மல்லாத்திப் போடுங்கள். கட்டியோடு சேர்ந்து கிழங்கும் வெயிலில் சுண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை புரட்டுங்கள். இடையில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. ஒரு மழை வந்தாலும் செய்த வேலை வீண், அதையும் சொல்லிவிடுகிறேன். கிழங்கு செத்ததா என்று நசுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, வாசனையோடு இருந்தால் உயிர் இருக்கிறது. சுருங்கிக் கருத்துப் பொடிந்தால் முடிந்தது.

செம்மண்:
தும்பை, பட்டியலைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். அதே 2ஏ பிரிவில் சிவப்பு இறைச்சியும் இருக்கிறது, 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களும் இருக்கின்றன. ஒரு பொருளால் தீங்கு வர முடியுமா என்று பார்ப்பது வேறு, எந்த அளவில் வரும் என்று பார்ப்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கிளைபோசேட்டுக்கு இன்னும் 10 வருடம் அனுமதி நீட்டித்திருக்கிறது. உங்கள் தக்காளி போனது விசிறி அடித்ததால். நான் தோட்டத்தில் விசிறுவதே இல்லை. கையுறை மேல் பஞ்சுத் துணி சுற்றி, மருந்தில் தோய்த்துப் பிழிந்து, கோரை இலையை மட்டும் உருவிவிடுவேன். பக்கத்துச் செடிக்கு ஒரு துளி போகாது.

அப்புறம் உங்கள் அட்டை. கோரையின் முளை ஊசி மாதிரி. கறுப்புப் பாலித்தீன் தாளையே குத்திக்கொண்டு வெளியே வருகிற ஜாதி அது. நனைந்த அட்டை அதற்கு எம்மாத்திரம்?

தும்பை:
அட்டையைக் குத்தி வரும் என்பது உண்மை, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் தோட்டத்திலும் வந்தது. ஆனால் எப்படி வந்தது என்று பாருங்கள். வெளுத்து, மெலிந்து, கிழங்கில் இருந்த சேமிப்பையெல்லாம் செலவழித்துவிட்டு வந்தது. வந்ததை நான்கைந்து இலை விடுவதற்குள் தரையோடு கிள்ளினேன். முளைத்த மூன்று நான்கு வாரத்தில் அது அடியில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும். அதற்கு முன் கிள்ளினால் சேமிப்பு கரையுமே தவிர ஏறாது. அட்டையும் கிள்ளலும் சேர்ந்ததுதான் வைத்தியம். ஒன்றை விட்டு ஒன்று உதவாது.

இரண்டாம் வருடம் அதே பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாக நட்டேன். இரண்டு மாதத்தில் தரையே தெரியாமல் மூடியது. கொடியை எடுத்தபோது மண்ணைக் கிளறிப் பார்த்தேன். கைப்பிடி கைப்பிடியாகக் கிடைத்த இடத்தில் சுண்டிப்போன நாலைந்து கிழங்குதான் இருந்தது.

மருந்துக்கு வருவோம். கிளைபோசேட் மட்டும் தனியாக டப்பாவில் வருவதில்லை. இலையில் ஒட்டுவதற்காக வேறு பொருள்களும் சேர்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்றான டாலோஅமைனை, கிளைபோசேட் மருந்துகளில் கலக்கக்கூடாது என்று நீங்கள் சொல்கிற அதே ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடுத்தது. தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் அது எமன். என் தோட்டத்தில் பூச்சியைக் கட்டுப்படுத்துவது தவளைகள்தான். அவற்றை இழக்க நான் தயாரில்லை.

பழைய மண்வெட்டி ஐயாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒரு முழம் ஆழம் புரட்டினால் அடியில் தூங்கும் மற்ற களை விதைகள் மேலே வந்துவிடாதா? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் களை விதைகளை மணலோடு புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார். 2021-இல் ஒரு புட்டியை எடுத்துப் பார்த்தபோதும் சில முளைத்தன. 142 வருடம்! மண்ணைப் புரட்டுவது அந்தப் பெட்டகத்தைத் திறப்பதுதானே?

பழைய மண்வெட்டி:
நல்ல கேள்வி அம்மா. விதை மேலே வரும், மறுக்கவில்லை. ஆனால் விதையில் வருவது சின்ன எதிரி. புரட்டி முடித்தபின் ஒரு தண்ணீர் விடுங்கள். வருகிறதெல்லாம் வரட்டும். இரண்டு இலையில் இருக்கும்போது மேலாகச் சுரண்டிவிட்டு அப்புறம் நாற்று நடுங்கள். ஆழம் போகக்கூடாது, போனால் அடுத்த சுற்று விதை மேலே வரும். கோரையைச் சுரண்டிக் கொல்ல முடியாது, விதை முளைப்பைச் சுரண்டிக் கொல்லலாம்.

உங்கள் சர்க்கரைவள்ளி யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு வருடம் முழுக்க அந்தப் பாத்தியில் வேறு எதுவும் நட முடியாது, இல்லையா? நான்கே பாத்தி வைத்திருக்கிறவருக்கு அது பெரிய விலை.

பூவரசு:
எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். உப்பும் வினிகரும் கலந்து ஊற்றலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன், சரியா? கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாள் போட்டு வெயிலில் வேகவைப்பது பலன் தருமா? பிடுங்கிய கோரையை மட்குக் குழியில் போடலாமா?

செம்மண்:
உப்பு வேண்டவே வேண்டாம். இதில் தும்பையும் நானும் ஒரே பக்கம் நிற்போம் என்று நம்புகிறேன். வீட்டு வினிகரில் இருப்பது நான்கைந்து சதவீத அமிலம். இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. உப்பு மண்ணிலேயே தங்கும். கோரை அதைத் தாங்கிக்கொள்ளும், உங்கள் கத்தரியும் அவரையும் தாங்காது.

தும்பை:
ஆமாம், உப்பு கூடாது.

நீங்கள் கேட்ட, தாள் போட்டு வெயிலில் வேகவைக்கும் வெயில் மூட்டம் நல்ல முறைதான். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976-இல் ஆய்வாக வெளியிட்டார்கள், மண்ணில் வரும் நோய்க்கிருமிகளுக்காக. மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து, கடுங்கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். விதையில் வரும் களைக்கு அருமையாகக் கேட்கும். கோரைக்குப் பாதிதான். மேல்மண் வேகும், ஒரு சாணுக்குக் கீழே சூடு குறைந்துவிடும். ஒரு நன்மை உண்டு. இருட்டில் ஊசியாகவே வளர்ந்து கறுப்புத் தாளைக் குத்துகிற முளை, ஒளி படும் தாளுக்கு அடியில் இலையை விரித்துவிடும். விரிந்தபின் குத்த முடியாமல் அங்கேயே வெந்து போகும்.

பழைய மண்வெட்டி:
மட்குக் குழியில் கோரையைப் போடாதீர்கள். வீட்டுக் குழியில் கிழங்கு சாகிற அளவுக்குச் சூடு வராது. சிமென்ட் தரையில் விரித்து மொறுமொறுவென்று காயவிட்டு, அப்புறம் போடுங்கள். இன்னொன்று, கோரை பெரும்பாலும் வாங்கி வரும் மண்ணிலும் நாற்றுப் பையிலும்தான் வீட்டுக்குள் நுழைகிறது. பையைக் கிழித்ததும் வேரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு நடுங்கள்.

மின்மினி:
எல்லோரும் கோரையிலேயே நின்றுவிட்டீர்கள். அருகம்புல்லை மறந்துவிடாதீர்கள், அது வேறு கதை. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று சும்மாவா வாழ்த்தினார்கள்? தரைக்கு மேலே ஒரு தண்டு ஓடும், தரைக்குக் கீழே ஒரு தண்டு ஓடும். கணு ஒன்று இருந்தால் போதும், துண்டு செடியாகிவிடும். இதை மண்வெட்டியால் வெட்டவே கூடாது. பல் வைத்த கொத்தால் மண்ணை நெம்பித் தளர்த்தி, தண்டை அறுக்காமல் நூல் பிடித்த மாதிரி இழுத்து எடுக்க வேண்டும்.

பூவரசுக்கு அது வேலியோரத்திலிருந்து வருவதால் உள்ளே சுத்தம் செய்து பலனில்லை. பாத்திக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி வெறுமையாகவே வைத்திருங்கள். வாரம் ஒரு முறை நடந்து பார்த்து, நீட்டிய நுனியைக் கத்தரியுங்கள். என் தோட்டத்தில் ஏழு வருடமாக இதுதான் காவல்.

செம்மண்:
அந்த வேலியோரத்துக்காவது பஞ்சுத்துணி முறையில் மருந்தைத் தடவிவிடுங்கள் என்பேன். வாரா வாரம் குனிய எல்லோராலும் முடியாது. எனக்கு முழங்கால் வலி, என் தோட்டம் இன்றைக்கும் இருப்பதே அந்த மருந்தால்தான். ஒன்றை நானும் ஒத்துக்கொள்கிறேன். நண்பர் சொன்ன "ஒரு தடவை போதும்" பொய். உறங்குகிற கிழங்குக்கு இலை இல்லை, இலை இல்லாததற்குள் மருந்து போகாது. இரண்டு மூன்று சுற்று வேண்டும்.

பூவரசு:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வெங்காயப் பாத்தியில் ஒரு சதுர அடியை மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிச் சலித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு கிழங்கு. மேலே தெரிந்த தலைகள் பன்னிரண்டுதான். மூன்று வருடமாக நான் பிடுங்கியது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

இப்படிப் பிரித்திருக்கிறேன். இரண்டு பாத்திக்கு இன்றோடு தண்ணீரை நிறுத்திவிட்டேன், காய்ந்ததும் ஐயா சொன்ன மாதிரி கட்டி கட்டியாக மல்லாத்தப் போகிறேன். வெங்காயப் பாத்தியில் அறுவடை முடிந்ததும் அட்டை, அப்புறம் சர்க்கரைவள்ளி. நான்காவதில் வழக்கம்போல் பயிர் உண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிள்ளல் மட்டும். வேலியோர வாய்க்காலைப் பாதி வெட்டியாயிற்று. செம்மண் அண்ணா, மருந்து மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். தப்பாக நினைக்காதீர்கள்.

செம்மண்:
நினைக்கவில்லை தம்பி. அதே ஒரு சதுர அடியை ஒவ்வொரு பாத்தியிலும் இன்றே தோண்டி எண்ணி, எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் பக்கத்து அடியில் மறுபடி எண்ணுங்கள். நான்காவது பாத்தியில் எண்ணிக்கை ஏறியிருந்தால் என்னிடம் வாருங்கள், அப்போது பஞ்சுத்துணியைப் பற்றிப் பேசுவோம்.

தும்பை:
நான்காவதில் குறைந்திருக்கும். கிள்ளுகிற தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.