‘தீர்க்கதரிசனம்’ ஒன்றே போதுமா? வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

கல்லடியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்தவ சபை ஆசிரியர்களுக்கான ஒரு ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வேதாகமத்தில் ஏசாயா சொன்னதும் அதில் புரொஃபெசி, ஞாயிறு ஆராதனையில் ஒரு சகோதரி எழும்பிச் சொல்வதும் புரொஃபெசி. இரண்டுக்கும் தீர்க்கதரிசனம் என்று போட்டால் வாசிக்கிறவர் இரண்டுக்கும் ஒரே எடை கொடுப்பார். பின்னதற்குத் தனிச்சொல் தேவை. ‘ஏவல்வாக்கு’ என்று யோசித்தேன், ஆவியானவர் ஏவியது என்ற பொருளில்.

கல்முனையிலிருந்து:

தம்பி, ஏவல் வேண்டவே வேண்டாம். நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் ஏவல் என்றால் பில்லி சூனியம்தான் முன்னுக்கு வரும்.

தீர்க்கம் என்றால் நீளம், தரிசனம் காணுதல். தொலைவைக் காண்பவன் தீர்க்கதரிசி. ஆனால் கிரேக்க மூலச் சொல்லில் காணுதல் என்பதே இல்லை, இன்னொருவர் சார்பில் வாய்திறந்து பேசுதல்தான் உண்டு. காண்பவனுக்கு 1 சாமுவேல் 9:9இல் ‘ஞானதிருஷ்டிக்காரன்’ என்று தனிப் பெயரே இருக்கிறது.

தமிழில் தேடினால் விரிச்சி இருக்கிறதே, தற்செயலாகக் காதில் விழும் சொல்லைக் குறியாகக் கொள்வது! முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்க நிற்கிறார்கள். குளிரில் நடுங்கும் ஓர் ஆய்மகள், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். அதுவே அவர்களுக்கு வாக்காகிவிடுகிறது. ‘விரிச்சிமொழி’ எப்படி? இல்லையென்றால் ‘கட்டு’, அதாவது குறி சொல்லுதல். தொல்காப்பியக் களவியலில் ‘கட்டினும் கழங்கினும்’ என்று வருவது. அம்மன் சடங்கில் தெய்வம் ஆடுபவர் கட்டுச் சொல்வதை இன்றும் நம் ஊர்களில் கேட்கிறோம். ஈராயிரம் ஆண்டுச் சொல் நம் வாயில் உயிரோடு இருக்கிறது, அதை விட்டுவிட்டு வடமொழிக்கு ஏன் போக வேண்டும்?

தாண்டவன்வெளியிலிருந்து:

ஐயா, கட்டை எந்தச் சபையும் உள்ளே விடாது. விரிச்சியும் சரிவராது, அந்த ஆய்மகளுக்குத் தான் வாக்குச் சொல்வதே தெரியாது, சபையில் எழும்புகிறவர் ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்றுதான் தொடங்குவார். கத்தோலிக்கரான எங்களிடம் 1995 திருவிவிலியத்தில் இறைவாக்கு, இறைவாக்கினர் என்றே இருக்கிறது. எளிய தமிழ், குழந்தைக்கும் விளங்கும். அதையே எடுங்கள்.

கல்லடியிலிருந்து:

அக்கா, அழகான சொல்தான், ஆனால் என் பயமே அதில்தான் இருக்கிறது. இறைவனின் வாக்கு என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு யார் அதைச் சோதித்துப் பார்ப்பது? எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு ஓர் உபவாசக் கூட்டத்தில் ‘இந்த மாதம் விசா வரும்’ என்றார்கள். அவள் காணியை ஈடு வைத்தாள். விசா வரவில்லை, உனக்கு விசுவாசம் போதாது என்றார்கள். சொன்னவரை ஒருவரும் கேட்கவில்லை. பவுல் 1 கொரிந்தியர் 14:29இல் இரண்டு மூன்று பேர் பேசலாம், ‘மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்’ என்கிறார், சோதித்து அறியட்டும் என்ற பொருளில். இன்றைய பிள்ளைகளிடம் நிதானி என்றால் அமைதியாக இரு என்று எடுத்துக்கொள்வார்கள்! பவுல் கேட்டதற்கு நேர் எதிர். அதற்குக் குறளின் ‘சீர்தூக்கும் கோல்’ பக்கமாகப் போய் ‘சீர்தூக்கல்’ என்று வைக்கிறேன். சொல்லப்படுவதற்கு ‘சபைவாக்கு’. சபையில் சொன்னது, சபைதான் சீர்தூக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் முஸ்லிம், உங்கள் விஷயத்தில் தலையிடுவதாக எண்ண வேண்டாம். நபி என்பதும் எபிரேய நாபியும் ஒரே வேர். நாங்கள் அதை மொழிபெயர்க்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டோம், ஊரில் விளங்காதவர் ஒருவருமில்லை. சொல் பழகினால் பொருள் தானாக வந்து சேரும். ஆனால் சபைவாக்கு என்றதும் எனக்கு பிரதேச சபையும் வாக்குச்சீட்டும்தான் நினைவுக்கு வந்தது, மெய்யாகவே.

தாண்டவன்வெளியிலிருந்து:

எனக்கும் அதேதான். தீர்க்கதரிசனம் என்றே போட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள் தம்பி.

கல்லடியிலிருந்து:

சரி. இன்று வியாழன், எழுதியவர்களில் பெரும்பாலானோர் பழைய சொல்லையே கேட்கிறீர்கள். ஏசாயாவுக்கு ‘தீர்க்கதரிசனம்’, மற்றதற்கு ‘சபையில் சொல்லப்படும் தீர்க்கதரிசனம்’ என்று நீட்டி எழுதுகிறேன். சீர்தூக்கலை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

கல்முனையிலிருந்து:

நான் உடன்படவில்லை என்று பதிந்துவைக்கிறேன். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் காரைதீவு இங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு சொல்லுக்கு மூன்று சொல் போட்டுச் சமாளிப்பது ஆக்கமாகாது. இரண்டாம் பதிப்புக்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள் தம்பி, முக்காலமும் அறிந்தவனைக் குறிக்கும் ‘அறிவன்’ என்ற பழஞ்சொல் பற்றி நான் இன்னும் எழுதவே இல்லை.