புதுப்பிப்பு: மூணாறு பழைய கல்லறைத் தோட்டத்தின் நுழைவு

மூணாறு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் பின்னால், மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் படிகள் புதர்மண்டிக் கிடக்கின்றன என்று மழைக்கு முன் எழுதியிருந்தேன். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி, படியோரம் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியாகிவிட்டது.

சிமெண்டு பூசிவிடலாம் என்று கொத்தனார் ஒற்றைக்காலில் நின்றார். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் என்று நாங்களும் விடவில்லை. கல்லறை எழுத்துகளில் படிந்த பாசிக்கும் ஆசிட் கூடாது. தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

இங்கே முதல் கல்லறை, 1894இல் காலராவில் இறந்த எலினர் மே என்ற ஆங்கிலேயப் பெண்ணுடையது. ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியதே 1910இல்தான். (கல்லே நடப்படாத தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.)

இரும்புக் கேட் பாக்கி. துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க நல்ல வெயில் வேண்டும். மூணாறில் அதற்கு யாரிடம் மனு கொடுப்பது?