காசு கொடுத்த பாட்டு கையில் இருக்க வேண்டாமா?

ஒலிப்பித்தன்:
எனக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அது என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடாத கோப்பாக இருக்க வேண்டும். படத்துக்கும் இதுதான் என் கட்சி. சந்தா கட்டிக் கேட்டுவந்த ஒரு ஆல்பத்தில் பாதிப் பாட்டு திடீரென்று சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால் ஒலிக்கவில்லை. உரிமம் முடிந்துபோயிருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தாவுக்குக் கிடைப்பது கேட்கும் அனுமதி மட்டும்தான் என்பதால், சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

சரி, சந்தாவை விடுங்கள். 'வாங்கு' என்று பட்டன் வைத்து விற்கும் படங்களின் கதையும் இதேதான். கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் முறிந்தால் நம் கணக்கிலிருந்து படம் போய்விடலாம். இதற்காகவே கலிபோர்னியாவில் 2024ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி முதல் அங்கே டிஜிட்டல் பொருளை அப்படி விற்பவர், கிடைப்பது வெறும் உரிமம்தான் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் இணையம் இல்லாமலே என்றைக்கும் ஓடும்படி கோப்பை இறக்கிக்கொள்ளக் கொடுத்தால் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நான் கேட்பது அந்த விதிவிலக்கை வழக்கமாக்குங்கள் என்றுதான்.

மழைக்குருவி:
நண்பரே, கோப்பை வாங்காமல் இணையத்திலேயே ஓட்டிக் கேட்கும் ஸ்ட்ரீமிங் எதிலிருந்து நம்மைக் காப்பாற்றியது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ரசிகர்கள் பாட்டுக் கோப்புகளைத் தங்களுக்குள் இலவசமாகப் பரிமாறிக்கொள்ள உதவிய நாப்ஸ்டர் 1999ல் வந்தது. 2001ல் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. உடனே அந்த இடத்துக்கு வேறு பத்து வந்தன, அப்புறம் கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து இறக்கும் டோரன்ட். உலக அளவில் இசைத்துறையின் வருமானம் கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் சரிந்துகொண்டே போனது. 2015 வாக்கில்தான் திரும்ப ஏறத் தொடங்கியது. ஏற்றிவிட்டது ஸ்ட்ரீமிங். எத்தனையோ வழக்கு போட்டும் மாறாத ரசிகர்கள், தேடினால் அடுத்த நொடி கிடைக்கிறது என்றதும் மாறினார்கள்.

இன்னொன்று. நான் கேட்கும் பாட்டில் பெரும்பகுதி, நான் தேடிப் போகாதது. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் வாசித்த புல்லாங்குழல் என் காதுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொன்றையும் வாங்கித்தான் கேட்க வேண்டும் என்றால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். உங்கள் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் செத்தால் என்ன செய்வீர்கள்?

ஒலிப்பித்தன்:
இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று செத்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்வேன். நிறுவனத்தின் சர்வர் செத்தால் நீங்கள் எதிலிருந்து எடுப்பீர்கள்? மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019ல்தான் வெளியே தெரிந்தது. வேறெங்கும் வெளியாகாத எத்தனையோ குழுக்களின் முதல் பாடல்கள் அதோடு போய்விட்டன. கேட்டவர்கள் இறக்கி வைத்திருந்தவை மட்டும் மிச்சம்.

புதிய இசையைத் தேட ஸ்ட்ரீமிங் நல்ல இடம், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் அங்கே நீங்கள் கேட்பது எந்தப் பதிப்பு என்று பார்த்திருக்கிறீர்களா? பழைய ஆல்பத்தை எடுத்து 'ரீமாஸ்டர்' என்று சத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். டிரம்மில் அடி விழும்போது நெஞ்சில் ஒரு குத்து கிடைக்குமே, அது காணாமல் போகும். ஒரு சேவையில் பழைய மாஸ்டரை, அதாவது வெளியீட்டுக்கு இறுதி செய்த ஒலிப்பதிவை, எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், பழையது இருந்த தடமே தெரியாது.

2008ல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பத்தில் இது அப்பட்டமாக வெளிப்பட்டது. சிடியில் ஒலியை அவ்வளவு நசுக்கியிருந்தார்கள், கிட்டார் கரகரவென்று உடைந்தது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமிலும் வந்தன. கேமில் அந்த நசுக்கல் இல்லை. ரசிகர்கள் அலை வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள், மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி மனு போட்டார்கள். இரண்டு பதிப்பும் கோப்பாகக் கையில் இருந்ததால்தானே ஒப்பிட முடிந்தது? எந்தப் பதிப்பைக் கேட்பது என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு வேண்டும்.

பழஞ்சுருள்:
ஒலிப்பித்தன் சொல்வதில் பாதிதான் எனக்கு ஏற்பு. 'காசு கொடுத்து' என்கிறாரே, விற்றால்தானே வாங்க? 1977ல் திரையில் ஓடிய முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997ல் அதன் இயக்குநர் லூகாஸ் அதில் புதுக் காட்சிகள் சேர்த்து மாற்றினார். அதன் பிறகு கடைகளில் மாற்றிய படம்தான். பழைய வடிவம் 2006ல் டிவிடியில் ஒரு இணைப்பாக வந்தது, அதுவும் 1993ல் லேசர்டிஸ்க்குக்குச் செய்த மாஸ்டரிலிருந்து எடுத்தது, மங்கல். கடைசியில் ரசிகர்களே பழைய 35 மி.மீ. திரையரங்கப் பிரதியைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து, தூசும் கீறலும் துடைத்து இணையத்தில் விட்டார்கள். அதிகாரப்பூர்வமாகப் பார்த்தால் அது திருட்டு. எனக்கு அது தொண்டு.

இன்னும் பின்னால் போவோம். 1922ல் வந்த ஜெர்மன் படம் 'நோஸ்ஃபெராட்டு', டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் எடுத்தது. நாவலாசிரியரின் மனைவி வழக்கு போட்டு ஜெயித்தார். எல்லாப் பிரதிகளையும் அழிக்க உத்தரவு. அழிக்கப்படாமல் வெளிநாடுகளில் தங்கிப்போன பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது. 2023ல் டிஸ்னி தன் சொந்தப் படமான 'கிரேட்டர்' என்பதை, வெளியிட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. டிவிடி, ப்ளூரே தட்டில் வராத படம் அது. அந்த இடைவெளியில் இறக்கி வைத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

தாளக்கட்டு:
நான் பாட்டுக்கு இசை போடுகிறவன், அதனால் கொஞ்சம் சூடாகவே பேசுவேன். பழஞ்சுருள், உங்கள் உதாரணங்கள் எல்லாம் அபூர்வமானவை. டோரன்டில் அதிகம் இறங்குவது கிடைக்காத மௌனப்படமா? போன வாரம் வந்த படமும் நேற்று வந்த பாட்டும்தானே! 'பாதுகாக்கிறேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. மெட்டாலிகா பெயர் வந்ததால் சொல்கிறேன். 2000ல் அவர்கள் நாப்ஸ்டர் மேல் வழக்கு போட்டபோது ரசிகர்கள் பேராசைக்காரர்கள் என்று திட்டினார்கள். வழக்குக்குக் காரணம் என்ன? இன்னும் வெளியிடாத ஒரு பாட்டின் அரைகுறை வடிவம் கசிந்து, வானொலி வரை போய்விட்டது. வேலை முடியாத பாட்டை ஊர் கேட்பதன் வலி, அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும்.

குருவிக்கும் ஒன்று. ஸ்ட்ரீமிங் துறையைக் காப்பாற்றியது, சரி. என்னைக் காப்பாற்றவில்லை. பெரும்பாலான சேவைகளில் எல்லோருடைய சந்தாவும் ஒரே குடத்தில் விழுகிறது. மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க என் பாட்டை மட்டும் கேட்டாலும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி நீங்கள் காதிலேயே வாங்காத பெரிய நட்சத்திரத்துக்குத்தான் போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படவில்லை என்றால், அந்தப் பதிவுக்கு ஒன்றுமே கிடையாது. கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒருவர் ஆல்பத்தை வாங்கினால், தளம் வழக்கமாக எடுப்பது 15 சதவீதம், அப்புறம் பணம் அனுப்பும் கட்டணம். மீதி எனக்கு. ஒலிப்பித்தன் மாதிரி ஒருவர் வாங்குவது, பல ஆயிரம் முறை ஓட்டிக் கேட்பதற்குச் சமம்.

மழைக்குருவி:
குடத்தைப் பற்றிய புகார் நியாயம். அதைத்தான் சரிசெய்யச் சொல்ல வேண்டும். சவுண்ட்கிளவுட் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2021ல் சுயாதீனக் கலைஞர்களுக்கு வேறு முறை கொண்டுவந்தது. ஒரு ரசிகரின் பணம் அவர் கேட்ட கலைஞர்களுக்கே போகும். அந்த முறை பரவட்டும். அதற்காக எல்லோரும் கோப்பு சேர்த்து, பெயர் மாற்றி, அட்டைப்படம் ஒட்டி உட்கார்ந்திருக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்குப் பாட்டு என்பது வேலை செய்யும்போது ஓடும் துணை. அவர்களையும் ரசிகர்களாக மதியுங்கள்.

ஒலிப்பித்தன்:
மதிக்கிறேன். அவர்கள் ஸ்ட்ரீமிங்கிலேயே இருக்கட்டும். வாங்க விரும்புகிறவனுக்கு வழி வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பழஞ்சுருள், புதிதாக வந்த படத்தைத் திரையரங்கில் கேமரா வைத்துப் பிடித்து ஏற்றுவதை எந்தப் பெயரிலும் என்னால் ஏற்க முடியாது. பார்ப்பவனுக்கும் அது அநியாயம். ஒளிப்பதிவாளர் உழைத்துக் கொடுத்த இருட்டெல்லாம் சாம்பலாகத் தெரியும், ஒலியில் பக்கத்து இருக்கைக்காரரின் இருமல். விற்கவே மாட்டேன் என்று பெட்டியில் பூட்டி வைத்த பழைய படம் வேறு. அங்கே பழி பூட்டி வைத்தவர் மேல்தான்.

ஆனால் தாளக்கட்டு, காசு கொடுத்தவனை இந்தத் துறை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். 2005ல் சோனி பிஎம்ஜி தன் சிடிகளில் ஒரு மறைமுக மென்பொருளை வைத்தது. கணினியில் போட்டதும் சொல்லாமல் உள்ளே போய் ஒளிந்துகொண்டு, வைரஸ் நுழையவும் வழி விட்டது. பாதிக்கப்பட்டவர் முழுக்கக் காசு கொடுத்து சிடி வாங்கியவர். இணையத்தில் இலவசமாக இறக்கியவருக்கு ஒரு கேடும் இல்லை. ஐடியூன்ஸ் கடை 2003ல் பூட்டோடுதான் தொடங்கியது. 2009ல் பாடல்களுக்குப் பூட்டை எடுத்துவிட்டார்கள். அதனால் இசை அழிந்துவிட்டதா?

படத்துக்கு மட்டும் அந்த நாள் வரவில்லை. ப்ளூரே தட்டு வாங்கினாலும் பூட்டுதான். அமெரிக்காவில் 1998ல் வந்த சட்டப்படி, என் சொந்தத் தட்டாகவே இருந்தாலும் பூட்டை உடைத்துக் கோப்பாக மாற்றுவது பொதுவாகத் தவறு. பெரிய ஸ்டுடியோ ஏதாவது ஒன்று தன் பழைய படங்களைப் பூட்டில்லாத கோப்பாக விற்கட்டும், முதல் நாளே நான் வரிசையில் நிற்பேன்.

பழஞ்சுருள்:
விற்கும்வரை நான் ஸ்கேன் செய்பவர்கள் பக்கம்தான்.

தாளக்கட்டு:
ஒலிப்பித்தன், ஒரு தொழில் கேள்வி. அடுத்த ஆல்பத்தை நேரடியாக விற்கப் போகிறேன். சிடியை விட நுணுக்கமாக ஒலியைப் பதியும் 24 பிட் கோப்பு கேட்கிறார்கள். வேண்டுமா?

ஒலிப்பித்தன்:
கேட்பதற்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் போதும், சிடியின் அளவு அதுதான். ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு, எம்பி3 கொஞ்சத்தை வெட்டிவிட்டுச் சுருக்கும். ஃபிளாக் இருந்தால் யாருக்கு வேண்டுமோ அவர்களே எம்பி3 செய்துகொள்வார்கள். எம்பி3யிலிருந்து போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் இடைவெளி இல்லாமல் ஓடுகிற ஆல்பம் என்றால் ஃபிளாக் கட்டாயம். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சின்ன மௌனம் ஒட்டிக்கொள்ளும், எல்லா பிளேயரும் அதைச் சரியாக வெட்டுவதில்லை. பிட்டை விட எனக்கு முக்கியம் மாஸ்டர்தான். சத்தத்தை ஏற்றாததை விற்பனைக்குப் போடுங்கள், ஏற்றியதுதான் வேண்டும் என்று சேவைகள் கேட்டால் அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள்.

தாளக்கட்டு:
ஏற்றாததையே இரண்டு இடத்துக்கும் கொடுத்துவிடுகிறேன். இப்போது பெரும்பாலான சேவைகள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த மட்டத்துக்குத் தாமே குறைத்துத்தான் ஒலிக்க விடுகின்றன. ஏற்றி என்ன லாபம்?