மறுமொழி: ‘கழிவுச் சிற்பம்’ என்ற சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய, அன்றாடப் பொருள்களை இணைத்துச் சிற்பமாக்கும் கலையை ஆங்கிலத்தில் ‘அசம்பிளாஜ்’ (assemblage) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ‘கழிவுச் சிற்பம்’, ‘ஒட்டுச் சிற்பம்’ என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டன. இவற்றில் ‘கழிவுச் சிற்பம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கழிவு என்றதும் பயன் தீர்ந்து, உருக்குலைந்து, இன்னதென்று அடையாளம் போன ஒன்றுதான் மனத்தில் எழுகிறது. இந்தக் கலைக்கோ அந்த அடையாளம்தான் உயிர். 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளையின் தலையாக்கினார். இருக்கை முகம், கைப்பிடி கொம்பு. அவ்வளவுதான். காளை தெரியும்போதே சைக்கிளும் தெரிகிறது. சைக்கிள் மறைந்துவிட்டால் அங்கே வியக்க ஒன்றுமில்லை.

மற்றொரு சொல்லான ‘ஒட்டுச் சிற்பம்’ செய்முறையைச் சொல்கிறது, எந்தப் பொருளால் ஆனது என்பதைச் சொல்லவில்லை. செய்முறையும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயி ஆயிரக்கணக்கான பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் கோக்கிறார், ஒட்டுவதில்லை.

என் பரிந்துரை: புழங்குபொருட்சிற்பம். மக்கள் அன்றாடம் கையாளும் பொருளைக் குறிக்கும் ‘புழங்குபொருள்’ நாட்டார் வழக்காற்றியலில் ஏற்கெனவே வேரூன்றிய சொல். மனிதக் கை பட்டுத் தேய்ந்த பொருள் என்பது அதிலேயே இருக்கிறது. இத்தகைய சிற்பங்களில் சேர்க்கப்படும் தட்டச்சுப்பொறியும் ஒலிநாடாவும் இன்று புழங்குவதில்லையே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் இது வினைத்தொகை அல்லவா! புழங்கிய பொருள், புழங்குகின்ற பொருள், புழங்கும் பொருள் என முக்காலமும் அதற்குள் அடங்கும். நேற்று ஒருவர் வீட்டில் புழங்கியது, இன்று சிற்பத்தில் வேறு விதமாகப் புழங்குகிறது. இந்தக் கலையின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சிற்பம் என்றால் செதுக்குவது மட்டும்தானே என்ற தயக்கமும் வேண்டாம். சிற்பத்துக்கு உரியவையாகப் பழைய சொற்பொருள் நூலான நிகண்டு சொல்லும் பத்துப் பொருள்களில் கல்லும் மரமும் மட்டுமல்ல, சுதையும் மெழுகும் கண்டசருக்கரையும்கூட உண்டு. பதினொன்றாவதாகப் புழங்குபொருளைச் சேர்ப்பதில் தவறில்லை.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1914இல் கடைப்பொருளாகவே தேர்ந்தெடுத்துக் கலைப்படைப்பாக அறிவித்த பாட்டில் தாங்கியை இதில் சேர்க்கக் கூடாது. அவர் எதையும் இணைக்கவில்லை, தேர்ந்தெடுத்தார். அதற்குத் தனிச்சொல் தேவை.

ஒரே ஐயம் புணர்ச்சியில். ‘புழங்குபொருளால் ஆன சிற்பம்’ என்று விரியும் வேற்றுமைத் தொகை என்பதால் ‘பொருள்’ என்பதன் ளகரம் டகரமாகிப் ‘பொருட்சிற்பம்’ என்றாவதே முறை. ஆனால் ‘புழங்குபொருள் சிற்பம்’ என்று பிரித்து எழுதினால் புதிதாகப் படிப்பவருக்கு எளிது. அகராதியில் எந்த வடிவத்தைத் தலைச்சொல்லாக வைக்கலாம் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.